விழாத ரெண்டாவது கியர்

அன்புள்ள தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கத் தேவையில்லை, நேற்றுத்தான் போனில் பேசினாய். விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் குடும்பத்தோடு மெல்பேர்ன் போகிறோம், அதற்கு முன்னால் அப்பாவின் வருஷத் திதிக்கு பதுளைக்கு வருவோம், அதற்குள் அந்தக் காரை எப்படியாவது தள்ளிவிடுங்கள் என்றாய். "தம்பி, அந்தக் கார் விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று நான் வாயைத் திறந்தேன். "அப்புறம் பேசுறேம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அப்புறம் எந்த யுகத்தில் வரும் என்று உனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. பண்ணினாலும் மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். உன் பெண்டாட்டி மாலதியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும், அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கப்பாவுக்குக் கை போகவில்லை. கடைசி நாள் வரைக்கும் அந்த இடது கை நன்றாகத்தான் இருந்தது. கியர் விழாததற்குக் காரணம் கார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? கேட்க வேண்டிய மனுஷன் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்ததாகக் கேட்க வேண்டியவன் நீ.

உங்கப்பா வண்டி ஓட்டினதை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியாது. கல்யாணமாகி நான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தபோது அவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபக்டரிக்கு இறங்குவார். அந்த ரோட்டை ரோடு என்று சொல்வதே பாவம், கல்லும் குழியும்தான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. மற்ற டிரைவர்மார் பிரேக்கைப் போட்டுப் போட்டு இறங்குவார்கள், கீழே வரும்போது ரப்பர் கருகின வாடை வரும். இவர் ரெண்டாவது கியரில் போட்டுவிட்டுக் காலைத் தூக்கிவிடுவார். லொறி தானாக முனகிக்கொண்டே இறங்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் அந்த முனகல் கேட்டால் நான் லயத்து அடுப்பில் உலை வைப்பேன். ஒரு நாளும் தப்பினதில்லை. லயத்துப் பெண்கள், "இந்தா, உம் புருஷன் ரெண்டுல வர்றாரு" என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

நீ பிறந்ததும் அப்படித்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நின்ற இடத்திலேயே எனக்கு வலி எடுத்துவிட்டது. அம்புலன்ஸ் வருகிற ரோடா அது? கொழுந்துச் சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டு, லொறி பின்னால் மெத்தை விரித்து, என்னையும் பக்கத்து வீட்டுக் காம்பரா அக்காவையும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டார். நான் கத்தின கத்தலில் அக்கா பயந்துபோய், "தம்பி, கொஞ்சம் வெரசா போயேன்" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். "வெரசா போனா குலுங்கும்க்கா. மெல்ல போனாத்தான் ரெண்டு உசுரும் போய்ச் சேரும்" என்றார். பசறை வருகிற வரைக்கும் ரெண்டாவது கியர்தான். ஒரு குழியில்கூட என் உடம்பு தூக்கிப் போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினதும் நீ பிறந்துவிட்டாய். அந்தக் கியருக்கு நீ கடன்பட்டவன் தம்பி, அதை மட்டும் மறந்துவிடாதே.

அப்புறம் தோட்ட வேலையை விட்டு, சொந்தமாக ஒரு பழைய லொறி வாங்கி, பதுளைக்கும் மொனராகலைக்குமாக மரக்கறியும் சீமெந்தும் ஏற்றினது உனக்குத் தெரியும். அந்த லொறிதான் உன்னை கெம்பஸுக்கு அனுப்பியது. இதை நான் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்லை, நான் சொன்னால் கனவில் வந்து திட்டுவார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தத் துரையுடைய கார் கதை. நீ அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தாய். தோட்டத்துத் துரையிடம் தரையோடு தரையாக ஒரு ரேஸ் கார் இருந்தது. ஒரு தடவை ஃபக்டரி வாசலில் அது நின்றுபோய், துரை ஜீப்பில் போய்விட, பழுது பார்த்த பிறகு உங்கப்பாவைத்தான் பங்களாவுக்குக் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். ஃபக்டரிக்கும் பங்களாவுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம். அதை ஆயுசு முழுக்கச் சொன்னார். "கியர் கம்பி இவ்வளவுதான் இருக்கும், வெரல வச்சா போதும், வெண்ணெயில கத்தி போற மாதிரி போவும்" என்று கையை ஆட்டிக் காட்டுவார். நீ சின்னப் பையனாக அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நான் பெரியவனாகி வாங்கித் தர்றேம்பா" என்பாய். யார்தான் சொல்லவில்லை அப்படி? ஆனால் நீ வாங்கியே கொடுத்தாய். அதற்காக இன்றைக்கும் என் வயிறு குளிர்கிறது. நான் கீழே எழுதப்போகிற எதுவும் அதை அழித்துவிடாது.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. பெரிய எஞ்சின் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நீ கொழும்பில் யாரிடமோ அந்தச் சிவப்புக் காரை வாங்கி, வரிசை குறைந்த பிறகு ஒரு நாள் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். அமெரிக்காக்காரன் வடிவமைத்து, வலது பக்க ஸ்டியரிங் வைத்துச் செய்ததாம். தெரு முழுக்க வந்து பார்த்தது. உங்கப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி. "ஏங்க, செருப்ப போட்டுக்கிட்டே ஏறுங்க, உங்க காருதான்" என்று நான் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் பூசி, அந்தக் காருக்கு நாம் பண்ணாத மரியாதை இல்லை. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்கப்பா, பெட்டரி செத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அவர் ஓட்டினார். எப்படி ஓட்டினார் தெரியுமா? லொறி ஓட்டின மாதிரியே. கால் பட்டும் படாமலும். கியூ.ஆர் பங்கீட்டில் கிடைக்கிற சொட்டு பெட்ரோலை வைத்துக்கொண்டு பூ மாதிரி ஓட்டினார். அங்கேதான் வினை. கொஞ்ச தூரம் போய் எஞ்சின் சூடானதும், ஒன்றிலிருந்து ரெண்டுக்கு இழுத்தால் கம்பி ஒரு முட்டு முட்டிவிட்டு வழுக்கி நாலில் போய் விழும். வண்டி மூச்சு முட்டின மாதிரி நடுங்கும். முதல் தடவை சிரித்தார். ரெண்டாம் தடவை, "புது வண்டி, கைக்கு வரணும்" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏங்க, வண்டிதான் மக்கர் பண்ணுது, கராஜுல காட்டுங்க" என்றேன். பசறை ரோட்டு கராஜில் காட்டினார். அந்தப் பையன் கராஜ் வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான், எஞ்சின் ஆறிப்போய்க் கிடந்தது, கியர் எல்லாம் ஒழுங்காக விழுந்தது. "ஒண்ணுமில்லண்ணே" என்றான். நீ லீவுக்கு வந்து ஓட்டினாய். உன் கால் எப்படிப்பட்ட கால் என்று ஊருக்கே தெரியும், பெடலைத் தரையோடு அமுக்குகிற கால். உனக்கும் கியர் விழுந்தது. "எனக்கு சரியாத்தானேப்பா இருக்கு" என்றாய்.

இனி பெரகலையில் நடந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட முடியாது. ஹப்புத்தளையில் உன் சித்தியைப் பார்த்துவிட்டு, கொஸ்லாந்தைக் கல்யாணத்துக்குப் போகப் புறப்பட்டோம். அவர் ஓட்டினார், நீ முன்னால், நான் பின் சீட்டில் கருவாட்டுப் பெட்டிக்குள் கருவாடு மாதிரி மடங்கிக் கிடந்தேன். பெரகல சந்திக் கடையில் நிறுத்தி வடை சாப்பிட்டோம். அங்கே லொறிக்காரர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள், "அண்ணே, காரு அண்ணே" என்று சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக எடுத்தார். இறக்கம் தொடங்குகிற இடம். ஒன்றில் உருட்டி, ரெண்டுக்கு இழுத்தார். நாலில் விழுந்தது. இறக்கத்தில் நாலாவது கியரில் வண்டி என்ன பண்ணும்? அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடியது. அவர் பிரேக்கை அமுக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மண் திட்டில் உரசி நிறுத்தினார். எதிரே வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. நமக்கு ஒரு கீறல் இல்லை. காருக்கு மட்டும் பெயின்ட் போனது.

நீ கதவைத் திறந்துகொண்டு இறங்கிக் கத்தினாய். "ஒரு ரெண்டாவது கியர் போடத் தெரியலையாப்பா உங்களுக்கு? கை போயிருச்சுன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே! எல்லாரையும் கொன்னுருப்பீங்களே!" கடையிலிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னாய். நீ பயத்தில் கத்தினாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் சொன்னதும் காதில் விழத்தான் செய்யும். அவர் இறங்கி, சாவியை உன் கையில் வைத்தார். நீ ஏறி, எஞ்சினை உறுமவிட்டு, ஒன்று, ரெண்டு என்று போட்டுக் காட்டினாய். "பாருங்க, விழுதா இல்லையா?" விழுந்தது. கடைக்காரர் ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, "விடுங்கண்ணே, வயசாகுதுல்ல" என்றார். அந்தத் தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டார், இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. லொறியை விற்றார். "லொறியில ஒழுங்காத்தானே விழுது, எதுக்கு விக்கிறீங்க?" என்று நான் சண்டை பிடித்தேன். "அது பழகின வண்டி, செத்தவன் கையக்கூட அது இழுத்துக்கிட்டுப் போவும். புது வண்டியிலதான் உண்மை தெரியும். நாளைக்கு எவன் புள்ளைய அடிச்சிப் போடப் போறேனோ" என்றார். நான் விடவில்லை. "வண்டிதாங்க சரியில்ல, உங்க கை இல்ல" என்றேன். "ஒனக்கு என்னா தெரியும் வண்டியப் பத்தி? இஞ்சினியர் புள்ள ஓட்டிக் காட்டுனான், கராஜுக்காரன் ஓட்டிக் காட்டுனான், எனக்குத்தான் விழல" என்று எரிந்து விழுந்தார். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தக் கையைத்தான் தெரியும்.

ஒரு ரப்பர் பந்து வாங்கிவந்து அமுக்கிக்கொண்டே இருப்பார். நல்லெண்ணெய் காய்ச்சி என்னைத் தேய்க்கச் சொல்வார். டொக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், அதையும் நம்பவில்லை. பகலில் சாப்பிட்டுவிட்டு கார் ஷெட்டுக்குப் போவார். தூங்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோனால், எஞ்சின் போடாமல் காருக்குள் உட்கார்ந்து கியர் கம்பியைப் போட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். ஒன்று, ரெண்டு, மூன்று. மறுபடி ஒன்று, ரெண்டு. டிரைவிங் பழகுகிற பையன் மாதிரி. சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப்போனார். "நிக்கிறப்ப விழுது புள்ள. ஓடுறப்பதான் விழ மாட்டேங்குது. அப்ப வண்டியில பழுது இல்லதானே?" என்று என்னிடமே கேட்டார். "தம்பிகிட்ட சொல்லாத, பாவம், ஆசையா வாங்கிக் குடுத்தான்" என்றார். அதனால்தான் உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. போன வருஷம் காலையில் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாரே, அப்போதும் அந்தப் பந்து இடது கையில்தான் இருந்தது. நீ வந்து சேர்வதற்குள் நான் எடுத்து ஒளித்துவிட்டேன்.

இப்போது காருக்கு வருகிறேன். கார் வாங்க என்று நீ அனுப்பின கொழும்பு மனிதர் போன கிழமை வந்தார். நல்ல மனிதர், தலை நரைத்தவர். சிங்களத்தில்தான் பேசினோம். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். முன்பின் பழகாத ஆளிடம் சாவியைக் கொடுத்து அனுப்ப நான் என்ன லூசா? நானும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அடுத்தவர் கார் என்பதால் அவர் பக்குவமாக ஓட்டினார். ஹாலி-எல வரைக்கும் போய்த் திரும்பி வரும்போது ஒரு பஸ்ஸுக்காக நிறுத்தி எடுத்தார். ஒன்றிலிருந்து ரெண்டுக்கு இழுத்தார். ஒரு முட்டு. அப்புறம் அந்த நடுக்கம். தம்பி, அதே சத்தம். அவர் பதறவேயில்லை. "ஓ, இதை இன்னும் கழற்றவில்லையா?" என்று சிரித்தார்.

என்ன கழற்றவில்லை என்று கேட்டேன். அவர் இதே மாதிரிக் கார் முன்பு வைத்திருந்தவராம், சாதாரணமாகச் சொன்னார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க, செய்த கம்பெனிக்காரனே வைத்த ஏற்பாடு அது. எஞ்சின் சூடான பிறகு, காலை மெதுவாக வைத்து ஓட்டுகிறவன் ஒன்றிலிருந்து ரெண்டுக்குப் போனால், கார் ரெண்டை அடைத்துவிட்டு அவனை நாலுக்குத் தள்ளும். அமுக்கி ஓட்டுகிறவனை ஒன்றும் செய்யாது. எஞ்சின் நின்றிருந்தாலும், ஆறியிருந்தாலும் செய்யாது. அப்படித் தள்ளுகிறபோது முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்து, ஒன்றிலிருந்து நாலுக்குப் போ என்று காட்டுமாம். குனிந்து பார்த்தார். "பல்பு போயிருக்கிறது" என்றார். ஒரு பல்பு, தம்பி. அது எரிந்திருந்தால் உங்கப்பா சிரித்துவிட்டு காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்.

நான் அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஆள் முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் பயந்துபோய் காரை ஓரத்தில் நிறுத்தினார். முழுக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கள் கணவர் நல்ல டிரைவராக இருந்திருக்க வேண்டும் அம்மா. முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது" என்றார். எத்தனை தடவை நான் சொன்னேன், வண்டிதான், வண்டிதான் என்று! நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து என்ன பண்ண? "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்காட்ட அவர் இல்லையே.

அதை நிறுத்துவது பெரிய வேலையும் இல்லையாம். கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வயர் போகிறது. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விரல் நீளத்தில் ஒரு பிளக்கை மாட்ட வேண்டும். சும்மா கழற்றிவிட்டால் எஞ்சின் லைட் எரிந்து தொல்லை கொடுக்குமாம். பிளக்கை மாட்டினால், தான் இன்னும் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று கார் நினைத்துக்கொள்ளும், ஆனால் தடுக்காது. நல்ல கூத்துதான். அவரிடம் ஒன்று மிச்சமிருந்ததாம், ஊருக்குப் போய் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பிவிட்டார். கார் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை, திதி முடியட்டும் என்றேன். சரி அம்மா, காத்திருக்கிறேன் என்றார்.

நான் இதை உன்னைக் குத்திக் கிழிக்க எழுதவில்லை. நீ கெட்ட பிள்ளை இல்லை. உன்னால்தான் அவர் செத்தார் என்று நான் நினைத்தால் என் நாக்கு அழுகிப்போகும், அவருக்கு நெஞ்சில் அடைப்பு இருந்தது. ஆனால் அவர் போன விதம் எனக்கு ஆறவில்லை. தன் கையைத் தானே நம்பாமல் போனார். நீயும் வருகிறவர்களிடமெல்லாம், "கடைசியில அப்பாவுக்குக் கை விழுந்துருச்சு, பாவம்" என்று சொல்கிறாய். பேத்திக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய், போன மாதம் போனில் அவள் என்னிடம், "தாத்தாவோட கை ஏன் ஒடஞ்சது?" என்று கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திதிக்கு வருகிற சனமும் வாழை இலை முன்னால் உட்கார்ந்து அதையேதான் சொல்லும்.

நீ தூரதேசம் போகிறாய். அங்கே போய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு அந்த ஊரைத் தெரியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், உனக்குச் சரியாக இருக்கிறது என்பதற்காக அவர்மேல் பழியைப் போடாதே. அவர் உட்கார்ந்த இடத்தில் நீயும் உட்கார்ந்து, அவர் ஓட்டின மாதிரியே ஓட்டிப் பார். மாலதி குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவள். உன் வேலைக்காக அவள் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். "உனக்கு என்ன கஷ்டம், எனக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லாதே. சொன்னால் அவளும் உங்கப்பா மாதிரி வாயை மூடிக்கொண்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள், உனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அந்த பிளக் இப்போது உங்கப்பா படத்துக்குக் கீழே, அவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் பந்தையும் எடுத்து அங்கேயே வைத்துவிட்டேன். கராஜ் பையன் கேள்விப்பட்டு ஓடிவந்தான். "அம்மா, நான் மாட்டித் தர்றேன், அண்ணனுக்கு அன்னிக்கு நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேண்டாம் என்றேன். அது உன் வேலை.

திதிக்கு முதல் நாளே வந்துவிடு. வந்ததும் காரை எடு. நான் பக்கத்தில் உட்காருகிறேன். எஞ்சின் சூடாகிற வரைக்கும் ஹாலி-எலப் பக்கம் போவோம், அங்கே ரோடு சமமாக இருக்கும், பயமில்லை. பிறகு காலை மெதுவாக வை, உங்கப்பா வைத்த மாதிரி. ஒன்றில் உருட்டி ரெண்டுக்கு இழு. விழாது. இன்னொரு தடவை இழு. அப்போதும் விழாது. உன் இடது கையை ஒரு தடவை பார். இளந்தாரிக் கை, ஒரு குறையும் இல்லாத கை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொள்வாய். நான் ஒன்றும் பேச மாட்டேன், சத்தியமாக.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்து, உன் கையாலேயே அந்தப் பிளக்கை மாட்டு. பல்பையும் மாற்று. மறுநாள் படையல் முடிந்ததும் பேத்தியையும் மாலதியையும் ஏற்றிக்கொண்டு எல்லாரும் பெரகலைக்குப் போவோம். அந்தக் கடை முன்னால் நிறுத்து. அதே லொறிக்காரர்கள் இருப்பார்கள், அதே கடைக்காரர் இருப்பார். இறங்கி நின்று, "எங்கப்பாவுக்குக் கை நல்லாத்தான் இருந்துச்சு, காருலதான் பழுது" என்று சொல்லு. பிறகு காரை விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம், நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் அதை என் காதில் வந்து சொல்லாதே, படத்துக்கு முன்னால் நின்று மெதுவாகவும் சொல்லாதே. கடைக்கு உள்ளே இருப்பவனுக்கும் கேட்க வேண்டும். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ, அவ்வளவு சத்தமாகச் சொல்லு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா